எச்சில் விழுங்கும் நேரம்

மனிதன் பேசுகிறானா, மனிதன் வாயிலிருந்து பொறி பேசுகிறதா என்பதைப் பிழையில்லாமல் கண்டுபிடிக்கும் ஆற்றல் பூமியில் ஒரே ஓர் உயிரினத்துக்குத்தான் வாய்த்திருந்தது. அந்த உயிரினம் கோவை குறிச்சித் தொழிற்பேட்டையில், மேகலா ஈரப்பொறி ஆலையில், ஒலிச்சோதனை மேசையின் முன்னால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெயர் யுகேந்திரன். இந்தச் செய்தியை உலகுக்கு அறிவித்தவனும் அவனே.

"மோட்டார்ல பேரிங் தேஞ்சிருந்தா எனக்குக் காதுலயே தெரிஞ்சிரும். மேனேஜர் வாய்க்குள்ள யாரு பேசறாங்கன்னு தெரியாதா?" என்று சாப்பாட்டுக் கூடத்தில் அவன் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. அவன் சொன்னது தவறு என்று அதுவரை நிரூபணமானதில்லை. சரி என்றும் நிரூபணமானதில்லை. ஆனால் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

மேகலா ஆலை காற்றிலிருந்து ஈரத்தைப் பிடித்துக் குடிநீராக்கும் பொறிகளைச் செய்தது. மழை மறந்துபோன கிழக்கத்தி ஊர்களுக்கு அவை லாரி லாரியாகப் போயின. மற்ற எல்லா ஆலைகளையும் போல இங்கும் தலைவர்களுக்கு நாத்துணை உண்டு. கடைவாய்ப் பல்லின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும் ஓர் அரிசியளவு வில்லை. எதிரில் நிற்பவரின் முகம், குரல், போன வாரம் அவர் விட்ட பெருமூச்சு எல்லாம் அதற்குத் தெரியும். எப்படிப் பேசினால் அவர் மனம் ஒன்றி வேலை செய்வார் என்று கணக்குப் போட்டு, தாடை எலும்பு வழியாகத் தலைவரின் காதில் சொல்லும். ஒருவருக்கு அதட்டல். ஒருவருக்குக் 'கண்ணு'. தேவைப்பட்டால் முடிவையும் அதுவே எடுத்துக் கொடுக்கும். ஊழியர்கள் வேலையை விட்டுப் போவதில்லை, மேலாளரை விட்டுத்தான் போகிறார்கள் என்று எந்தக் காலத்திலோ யாரோ கண்டுபிடித்ததன் விளைவு இது. மேலாளரைத் திருத்துவதைவிட அவருடைய பல்லைத் திருத்துவது சுலபமாக இருந்தது.

தொழிலாளர்கள் அதை 'நாத்தனார்' என்று அழைத்தார்கள். உள்ளேயே இருந்துகொண்டு காதில் ஓதுவதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஈடுபாட்டுமானி தொங்கியது. நாற்காலியில் எவ்வளவு சாய்கிறார்கள், கை எவ்வளவு வேகமாக அசைகிறது, தலைவர் பெயரைச் சொல்லும்போது குரல் எந்தப் பக்கம் கோணுகிறது என்பதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரு முள்ளாகக் காட்டும். முள் சிவப்புக்குள் விழுந்து ஒரு மாதம் கிடந்தால் மேலே இருப்பவர்கள் தலைவரை மாற்றிவிடுவார்கள். மேலே இருப்பவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கும் பல் இருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

நாத்துணைக்கு ஒரே ஒரு குறை. கேள்வி விழுந்து, அது கணக்குப் போட்டு, காதில் ஓதும்வரை தலைவர் சும்மா நிற்க வேண்டும். அந்த நேரத்தில் எல்லாத் தலைவர்களும் தவறாமல் ஒரே காரியத்தைச் செய்தார்கள். எச்சில் விழுங்கினார்கள். குரல்வளை ஒருமுறை ஏறி இறங்கும். பிறகு அன்பு வரும். இதைக் கவனித்துச் சொன்னவன் யுகேந்திரன்.

அப்போது ஆலைத் தலைவராக இருந்தவர் தனபாலன். ஒரு நாள் அவர் யுகேந்திரனின் மேசைக்கு வந்தார். விழுங்கினார்.

"அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படிப்பா இருக்கு?"

"என்ற அம்மாவுக்கு முழங்கால் வலியே இல்லீங்க சார். நாத்தனாரு வேற ஊட்டைப் பார்த்துட்டாங்க."

தனபாலன் மறுபடி விழுங்கினார். "ரொம்ப சந்தோஷம்பா. எப்பவும் இதே மாதிரி மனசு விட்டுப் பேசணும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஆலையில் யாரும் தனபாலனின் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. கழுத்தைப் பார்த்துப் பேசினார்கள். முள் சரிந்தது. தனபாலன் போனார். பழக்கம் மட்டும் போகவில்லை. ஊருக்குள்ளும் பரவியது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவர், பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு எச்சில் விழுங்கியதால் கைநனைக்காமலே திருப்பி அனுப்பப்பட்டார். பள்ளிக்கூடத்தில் யோசித்துச் சரியாகச் சொன்ன பிள்ளையைவிட உடனே தப்பாகச் சொன்ன பிள்ளைக்கு அதிகக் கைதட்டல் விழுந்தது.

இந்த நிலையில்தான் வசுமதி புதிய தலைவராக வந்தாள். திருச்சிக்காரி. பொறியாளர். யுகேந்திரனைவிட இரண்டொரு வயது மூத்தவளாக இருக்கலாம். முதல் நாள் எல்லாரையும் கூட்டி நிறுத்தி, முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். கூட்டம் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது.

"நான் நாத்துணை வெச்சுக்கறதில்லை," என்றாள் கடைசியில்.

"இதைச் சொல்றதுக்கே இவ்வளவு நேரமா?" என்றான் யுகேந்திரன், பக்கத்திலிருந்தவருக்கு மட்டும் கேட்கிற குரலில், அதாவது எல்லாருக்கும் கேட்கிற குரலில்.

பொருத்துப் பிரிவு சென்னியப்பன் கையைத் தூக்கினார். முப்பது வருடமாக ஆலையில் இருப்பவர். எந்தத் தலைவர் வந்தாலும் முதல் கேள்வி அவருடையது. "ஏனுங்க அம்மணி, மத்தியான ஷிப்டுக்கு டீ இல்லீங். குடுப்பீங்களா?"

வசுமதி யோசித்தாள். கேன்டீன் எப்போது மூடுகிறது என்று கேட்டாள். யார் போடுகிறார்கள் என்று கேட்டாள். மறுபடி யோசித்தாள். "நாளைக்குச் சொல்றேன்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. சுவரில் முள் அரை விரற்கடை இறங்கியது.

மறுநாள் டீ வந்தது. தனபாலனிடம் கேட்டிருந்தால் அப்போதே அன்பாகப் பதில் கிடைத்திருக்கும், டீதான் கிடைத்திருக்காது. ஆனால் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளர்கள் பேசியது வேறு.

"புது மாடல்டா இது," என்றான் யுகேந்திரன். "பழசு எச்சில் விழுங்கற நேரத்துல முடிச்சிரும். இது ஆழமாக் கணக்குப் போடற சாதி. அதான் ராத்திரி முழுக்க ஓடிட்டு அடுத்த நாள் பதில் குடுக்குது."

தரச்சோதனைப் பிரிவு ரசியாவுக்கு இது சரியாகப் படவில்லை. "அந்தம்மா யோசிக்கறாங்கப்பா. அவ்வளவுதான்."

"யோசிக்கறாங்களா? மேனேஜரா?" யுகேந்திரன் டம்ளரைக் கீழே வைத்தான். "ரசியா, நீ எத்தனை மேனேஜரைப் பார்த்திருக்கற? ஒருத்தராச்சும் யோசிச்சுப் பார்த்திருக்கறயா?"

ரசியா நேர்மையானவள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

சந்தேகம் வந்தால் சோதிப்பதுதானே அறிவியல்? நாத்துணை ஒட்டியவர்கள் கமர்கட்டைத் தொடமாட்டார்கள். வில்லை பெயர்ந்து கமர்கட்டோடு வந்துவிடும். யுகேந்திரன் அக்கா மகளுக்குக் காது குத்து என்று சொல்லி ஒரு பொட்டலம் கமர்கட்டை வசுமதியிடம் நீட்டினான். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ரசியா வெற்றியோடு திரும்பிப் பார்த்தாள்.

"காது குத்து எங்கன்னு கேக்கவே இல்லீங்களே மேடம்?" என்றான் யுகேந்திரன்.

வாய் நிறையக் கமர்கட் ஒட்டிக்கொண்டிருந்ததால் வசுமதியால் வெகுநேரம் பதில் சொல்ல முடியவில்லை. தாடை அசைந்தது, கழுத்து ஏறி இறங்கியது, கண்ணில் நீர் வந்தது.

"பார்த்துக்கிட்டீங்களா? எப்பவும் ஆகறதை விட இன்னும் நேரமாகுது," என்று அவன் தீர்ப்புச் சொன்னான். "கமர்கட்டுக்கும் மசியாத மாடலு."

வசுமதியின் முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒலிச்சோதனை அறையை, இரைச்சலோடு தகடு அடிக்கும் இயந்திரத்திலிருந்து தள்ளி வைத்தாள்; யுகேந்திரனுக்கே தலைவலி நின்றது. ஷிப்டு மாறும் முறையைத் திருத்தினாள். பேருந்துக்கு ஓடுவது நின்றது. எல்லாம் சரியாக இருந்தன. அதுதான் பிரச்சினை. அவளுடைய பாணி என்ன என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. அதட்டவும் இல்லை, கண்ணு என்றும் சொல்லவில்லை. எல்லாரிடமும் ஒரே மாதிரி நின்று, ஒரே மாதிரி யோசித்து, 'நாளைக்குச் சொல்றேன்' என்றாள். முள் சிவப்பின் விளிம்புக்கு வந்துவிட்டது. ரசியாவுக்குக் கவலையாக இருந்தது. முள் உள்ளே விழுந்தால் இந்தம்மா போய்விடுவாள்.

கோனியம்மன் தேருக்கு முந்தின நாள். லாரி வாசலில் நின்றது. பொறிகளில் தண்ணீர் சேரும் ஈரக்குடுவைகள் பாதிக்கு மேல் ஏறிவிட்டன. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மீதியும் ஏத்தீரலாங்களா அம்மணி?" என்று கேட்டார் சென்னியப்பன்.

வசுமதி லாரிக்குப் பக்கத்தில் போனாள். ஒரு குடுவையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். வெயிலைப் பார்த்தாள். லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். யாரோ, "நாத்தனாரு தூங்கீட்டாங்களாட்ட இருக்குது" என்றார். பலர் சிரித்தார்கள். அவள் காதில் அது விழுந்தது. காது மடல் சிவந்தது. அப்போதும் அவள் அவசரப்படவில்லை.

"இறக்குங்க," என்றாள். "காலைலேர்ந்து வெயில்ல கிடந்திருக்கு. அடைப்பு இளகியிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. குடிக்கிற தண்ணி. ஒவ்வொண்ணாப் பார்த்துடுவோம். நானும் கூட இருக்கேன்."

இறக்கினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். அடித்தட்டில் இருந்த குடுவைகள் பலவற்றில் அடைப்பு இளகித்தான் இருந்தது. அப்படியே போயிருந்தால் மூன்று ஊருக்குப் புழுதி கலந்த தண்ணீர்.

ரசியா யுகேந்திரனிடம் ஓடினாள். "இப்ப என்ன சொல்ற?"

"இதுக்கு மேல என்ன சொல்லணும்?" என்றான் அவன் உடனே. "கையை வெச்சுப் பார்த்தே இவ்வளவு சரியாச் சொல்ல மனுசனால முடியுமா? மனுசன்னா தப்பு பண்ணோணும் ரசியா."

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. முள் சிவப்புக்குள் விழுந்தது. மாதம் முடிந்தது.

அவள் கிளம்பிய அன்று பெட்டியை வண்டிவரை தூக்கிக்கொண்டு போக வாய்த்தது யுகேந்திரனுக்குத்தான். வண்டிக் கதவைத் திறந்துவிட்டு வசுமதி நின்றாள். வழக்கம்போல் நின்றாள்.

"உங்க யாருக்கும் என்னைப் பிடிக்கலையா, நம்பிக்கை வரலையா?"

"ரெண்டும் இல்லீங்க மேடம். நீங்க வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்கு நாத்தனாரைப் புடிச்சுப்போச்சுங்க," என்றான் அவன், கேள்வி முடிந்த கையோடு.

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். "நல்ல பதில்," என்றாள். "யோசிச்சிருந்தா வந்திருக்காது."

வண்டி போய்விட்டது. அவள் பாராட்டினாளா திட்டினாளா என்பதைப் பற்றி யோசிக்க அவனுக்குப் பழக்கமில்லை.

மேலே இருப்பவர்கள் முள்ளின் பழைய ஆட்டங்களை அலசினார்கள். எப்போதெல்லாம் யுகேந்திரன் வாயைத் திறந்தானோ அப்போதெல்லாம் முள் துள்ளியிருந்தது. ஆகவே அவனையே தலைவராக்கினார்கள். அவன் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சின் மேல் ஏறி நின்று, வாயை ஆவென்று திறந்து காட்டினான்.

"எல்லாரும் வந்து பாருங்க! என்ற வாயில பல்லு மட்டுந்தான் இருக்கும்! எவனாச்சும் என்ற கழுத்து ஏறி இறங்கறதைப் பார்த்தா செருப்பைக் கழட்டி அடிங்க!"

முள் பச்சையைத் தாண்டிச் சட்டத்தில் போய் முட்டியது.

அவனுடைய நிர்வாகம் மின்னல் வேகத்தில் நடந்தது. கேட்டவுடன் பதில். ஒரே நாளில் ஒரே இயந்திரத்தை இரண்டு பிரிவுகளுக்குக் கொடுத்தான். பொருத்துப் பிரிவு மொத்தத்துக்கும் ஒன்றாக விடுப்புக் கொடுத்துவிட்டு, அன்று வேலை ஏன் நடக்கவில்லை என்று அதே வேகத்தில் கோபப்பட்டான். ஒருவருக்கும் மனவருத்தமில்லை. தப்பு நடக்க நடக்க நம்பிக்கை கூடியது. "கலப்படமில்லாத ஆளுங்க," என்று சென்னியப்பன் லாரி டிரைவர்களிடம் பெருமையடித்தார்.

அந்த வாரமே நாத்துணை நிறுவனத்திலிருந்து தௌபீக் என்ற பொறியாளர் தலைவர் அறைக்கு வந்தார், புதிய தலைவரின் வாய்க்கு வில்லையைப் பொருத்த. யுகேந்திரன் நாற்காலியில் சாய்ந்தான். "வேண்டாங்க. எடுத்துட்டுப் போங்க. முன்னால இருந்தவங்க வாயில இருந்து கழட்டினது எனக்கெதுக்கு?"

தௌபீக் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே சின்ன உறை ஒன்று. முத்திரை உடையாமல், தூசி படிந்து கிடந்தது. "கழட்டினதா? இதைப் பிரிக்கவே இல்லையே சார். தனபாலன் சார் போனப்புறம் நாங்க வெச்ச புது வில்லை. முத்திரை அப்படியே இருக்கு பாருங்க."

யுகேந்திரன் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வேற ஏதாச்சும் வெளிய வாங்கி ஒட்டியிருப்பாங்க. எங்காதுல கேட்டுச்சுங்க. அந்த எச்சில் விழுங்கற இடைவெளி..."

"எந்த இடைவெளி?" தௌபீக் சிரித்தார். "அது தனபாலன் சாரோட போச்சு. ஊரெல்லாம் கழுத்தைப் பார்க்க ஆரம்பிச்சதும் கம்பெனியே மாத்திருச்சு. இந்தப் பதிப்புல கேள்வி முடியறதுக்கு முன்னாலயே பதில் வாய்க்கு வந்துரும். நடுநடுவுல ஒரு திக்கல், ஒரு வசவு எல்லாம் வெச்சிருக்காங்க, இயல்பா இருக்கணும்னு. இன்னிக்கு நின்னு யோசிச்சுப் பேசறது மனுசங்க மட்டும்தான் சார். அதுவும் ரொம்பக் கொஞ்சம் பேரு."

உறை ஆலைக்குச் சொந்தமானது என்று சொல்லி, அதை இழுப்பறையிலேயே போட்டுவிட்டு தௌபீக் போனார்.

அன்று டீ நேரத்தில் யுகேந்திரன் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனான். சொல்லிவிடலாம் என்றுதான் போனான். ரசியா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ரசியா, அந்த வசுமதி மேடம்..."

"என்ன அவங்களுக்கு?" அவள் சட்டென்று நிமிர்ந்தாள். சுற்றியிருந்த தலைகளும் திரும்பின. எல்லாக் கண்களும் அவன் முகத்துக்குக் கீழே இறங்கி, பழக்கப்பட்ட இடத்தில் நின்றன. தொண்டையில் ஏதோ சேர்வதை அவன் உணர்ந்தான்.

"...திருச்சில கமர்கட் கடை வெச்சுட்டாங்களாமா," என்றான்.

கூடம் சிரித்து ஓய்ந்தது. ரசியா டம்ளரைக் கழுவப் போனாள்.

அடுத்த லாரி வந்தது. கிழக்கே ஓர் ஊரில் ஆஸ்பத்திரிக் கிணறும் வற்றிவிட்டதாம், மேலேயிருந்து அவசரம். பொருத்து மேசையில் குடுவைகள் வாய் திறந்து வரிசையாக நின்றன. சென்னியப்பன் ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பழைய பசை வர்லீங். புதுசா அனுப்பியிருக்கறாங்க. வாடை வேற மாதிரி இருக்குது. தண்ணி படற எடம். இதை வெச்சு ஒட்டீரலாங்களா?"

யுகேந்திரன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

ஒட்டலாம் என்றால் ஆஸ்பத்திரி. வேண்டாம் என்றாலும் ஆஸ்பத்திரி. பசை செய்தவர்களைக் கேட்க வேண்டும். ஒரு குடுவையில் தண்ணீரை ஊற்றி வைத்து நாளைக்கு முகர்ந்து பார்க்க வேண்டும். நாளைக்கு. அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அது யாருடைய சொல் என்பதும் கூடவே வந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எச்சில் எவ்வளவு வேகமாக ஊறும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"சித்தெ இருங்க. பாத்ரூம் போய்ட்டு வந்தர்றேன்," என்றான் வாயை அதிகம் திறக்காமல். போனது தலைவர் அறைக்கு; கதவைச் சாத்திக்கொண்டு, முதலில் விழுங்கினான்.

பிறகு யோசிக்க உட்கார்ந்தான். முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கதவுக்கு வெளியே அவர்கள் காத்திருப்பது சுவர் வழியாகத் தெரிந்தது. யோசித்து வந்து சொன்னால் யோசித்தது தெரியும். யோசித்தது தெரிந்தால் அவனும் பல்லில் ஒட்டியவன். வசுமதியைப் பற்றி அவன் சொன்ன வாக்கியங்கள் எல்லாம் அவனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின.

இழுப்பறை சத்தமில்லாமல் திறந்தது. முத்திரை சின்னதாக ஒரு 'டிக்' என்று உடைந்தது. வில்லை குளிர்ச்சியாக இருந்தது; பல்லில் பட்டதும் பிடித்துக்கொண்டது.

அவன் வெளியே வந்தபோது சென்னியப்பன் அதே இடத்தில் டப்பாவோடு நின்றார்.

"தம்பி, அந்தப் பசை..."

"ஒட்டுங்கண்ணா! இத்தன வருசம் சர்வீஸ் போட்டுட்டு ஒரு டப்பாவுக்குப் போய் என்னையக் கேட்டுட்டு நிக்கறீங்! உங்க மூக்கை விடவா எனக்குத் தெரியும்?"

சென்னியப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு அதட்டலும் வேண்டும், அதற்குள் ஒரு பெருமையும் வேண்டும். இத்தனை பொருத்தமாக அவரை யாரும் திட்டியதில்லை. "மனுசன்னா இவருதாங்க மனுசன்," என்று டப்பாவைத் திறந்தார். பசையின் வாடை கூடம் முழுவதும் பரவியது. யாரோ கைதட்டினார்கள். சுவரில் முள் ஏறத் தொடங்கியது.

ரசியா மட்டும் அவனுக்கு நேராக வந்து நின்றாள். இப்போது அவளும் கழுத்தைத்தான் பார்த்தாள்.

"யுகேந்திரா, இந்தத் தண்ணியை நீ..."

"நான் மட்டுமா? எங்கூட்ல அத்தன பேரும் குடிப்போம் ரசியா," என்றது அவன் வாய், இதமாக, ஒரு சின்னத் திக்கலோடு.

அவன் குரல்வளை அசையவே இல்லை.